மோவாய் மரத்தபோது: நாக்குப் புற்றுநோய் நரம்பு வழியே ஏறிய ஒரு நிகழ்வு

அந்த நோயாளிக்கு அறுவை செய்த குழுவில் நானும் ஒருவன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. எங்கள் குழு செய்ததை மட்டும், சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 54. 20 வருடத்துக்கு மேல் புகையிலை மென்றவர், எங்களிடம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே அதை நிறுத்தியிருந்தார். நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறாமல் இருந்தது, விழுங்கும்போதெல்லாம் வலது காதில் குத்தல். காதைப் பார்த்த மருத்துவர் ஒன்றுமில்லை என்றார், காதில் உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான். நாக்கின் முன்பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்பும் காதுக்கு முன்னால் உள்ள தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் ஒரே கீழ்த்தாடை நரம்பின் கிளைகள், அதனால் நாக்கில் உள்ள கோளாறு காதில் வலியாகத் தெரியும். பல் மருத்துவர் உரசிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லை ராவிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் புண் ஆறவில்லை என்றதும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் எங்களிடம் அனுப்பியவரும் அவர்தான்.

ஆனால் முதலில் வந்தது புண் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே நாக்கின் அந்த ஓரம் மரத்திருக்கிறது. "அந்த இடம் மட்டும் என் நாக்கு மாதிரியே இல்ல டாக்டர். பல்லு பிடுங்க ஊசி போட்டா இருக்குமே, அப்படி இருந்துச்சு. வலிக்கலங்கிறதால விட்டுட்டேன்" என்றார். முதல் நாள் கேஸ் ஷீட்டில் அந்த வரி இருக்கிறது, என் கையெழுத்தில். எழுதியதோடு சரி, அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முதல் பரிசோதனை

புண் 2.3 செ.மீ. இருந்தது, ஓரம் தடித்து, அடியில் கெட்டியாக. நாக்கை நேராக நீட்ட முடிந்தது. கழுத்தில் கைக்கு எந்த நிணநீர் முடிச்சும் தட்டுப்படவில்லை. பயாப்சியில் வாயின் மேல்தோல் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா வந்தது, வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான். எம்.ஆர்.ஐ.யில் ஆழம் சுமார் 7 மி.மீ., கழுத்து சுத்தம்.

அந்த எம்.ஆர்.ஐ. கோரிக்கைப் படிவத்தில் நாங்கள் எழுதியது 'நாக்கு வலது ஓரப் புற்று, நிலை அறிய' என்பது மட்டும்தான். மரத்துப்போனதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நரம்பு வழிப் பரவலைத் தேட வேண்டுமானால் கபால அடித்தளம் வரை மெல்லிய வெட்டுகளாக, முதலில் கொழுப்பை அடக்காமலும், பிறகு கொழுப்பின் ஒளிர்வை அடக்கி, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நரம்பைச் சுற்றி இயல்பாக இருக்கும் கொழுப்பு மறைந்திருக்கிறதா என்பதே அங்கே முதல் தடயம். கதிரியக்க மருத்துவர் நாங்கள் கேட்டதைக் கொடுத்தார். நாங்கள் இதைக் கேட்கவில்லை.

முதல் முடிவு: அறுவை

புற்றைச் சுற்றி நல்ல திசுவும் சேர அகலமாக வெட்டி எடுப்பது, கூடவே வலது கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பது என்று முடிவானது. கழுத்தில் எதுவும் தெரியாதபோது அதில் ஏன் கை வைக்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார், நியாயமான கேள்விதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் வெளியானது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றில் கழுத்தையும் முதலிலேயே சுத்தம் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேரும், கழுத்தில் கட்டி வந்த பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் 67.5 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். இவ்வளவு ஆழமான புற்றுக்கு அந்தக் கேள்வியில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அறுவை சிக்கலில்லாமல் முடிந்தது. மேல்தோல் ஓரத்திலிருந்தும் தசை ஓரத்திலிருந்தும் துண்டுகளை, அறுவை நடக்கும்போதே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பினோம், எல்லாம் சுத்தம் என்று வந்தது. பின்பக்கம் வெட்டும்போது நாக்கு நரம்பின் ஒரு கிளையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெட்டுப்பட்டு உடலுக்குள் நின்ற அந்த நரம்பின் முனையிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

'உள்ளது' என்ற ஒரு சொல்

12-ஆம் நாள் நோய்க்குறியியல் அறிக்கை வந்தது. கட்டி 2.4 செ.மீ., ஊடுருவிய ஆழம் 8 மி.மீ., மிக அருகிலுள்ள ஓரம் 6 மி.மீ. தள்ளி. எடுத்த 28 நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இல்லை. இரத்தநாள ஊடுருவல் இல்லை. கடைசி வரி: நரம்பு ஊடுருவல், உள்ளது.

புற்றுநோயின் நிலையைக் கணக்கிடும் ஏ.ஜே.சி.சி. வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பின்படி நிலை இரண்டு. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிப்பில் வாய்ப் புற்றின் ஆழம் நிலைக் கணக்கில் சேர்ந்துவிட்டது, நரம்பு ஊடுருவல் சேரவில்லை. அதாவது இந்த நோயாளியும், நரம்பைத் தொடாத இதே அளவுப் புற்று உள்ள இன்னொருவரும் தாளில் ஒரே நிலைதான். ஆனால் பின்னாளில் இரண்டு பேருக்கும் நடப்பது ஒன்றாக இருப்பதில்லை. தலை, கழுத்துப் புற்றில் இதைக் கணக்கிட்ட ஃபாகன் குழுவின் 1998-ஆம் வருட ஆய்வில், நரம்பு ஊடுருவல் இருந்தவர்களில் 23 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது, இல்லாதவர்களில் 9 சதவீதம். அந்த நோயாலேயே இறந்தவர்கள் முறையே 54, 25 சதவீதம். பழைய ஆய்வு, சிகிச்சை அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது, இருந்தாலும் வித்தியாசத்தின் திசை மாறவில்லை.

புற்று ஏன் நரம்பைப் பிடிக்கிறது என்பதற்கு ரொம்ப நாள் சொல்லப்பட்ட பதில், நரம்பு உறைக்குள் நிணநீர்க் குழாய் இருக்கிறது, அதன் வழியே போகிறது என்பது. உள் உறைக்குள் அப்படிக் குழாயே இல்லை என்று தெரிந்ததும் அது விழுந்துவிட்டது. எதிர்ப்பு குறைவான வழி என்பதால் அதில் நுழைகிறது என்பது அடுத்த விளக்கம், அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. இப்போது தெரிவது, புற்றுச்செல்லும் நரம்பும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன என்பதுதான். நரம்பு வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளை ஏற்கும் வாங்கிகள் புற்றுச்செல்லில் உண்டு, புற்றுச்செல்லும் அதே காரணிகளை வெளியிட்டு நரம்பைத் தன் பக்கம் வளர வைக்கும். ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986-இல் நோபல் பரிசு பெற்ற அதே நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு இதில் பெரிய பங்கு. நரம்பு அடிபட்டால் ஓடிவந்து செப்பனிடும் ஷ்வான் செல்கள் இங்கே புற்றுச்செல்லுக்குக் கைகாட்டிகளாகிவிடுகின்றன, பழுது பார்க்க வந்தவன் திருடனுக்கு வழிவிட்ட கதைதான்.

சரி, 'உள்ளது' என்றால் எவ்வளவு, எங்கே? கட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட மயிரிழை நரம்பு ஒன்றைச் சுற்றி நாலு செல் இருந்தாலும் 'உள்ளது' தான், கட்டியைத் தாண்டி வெளியே ஓடும் பருத்த நரம்புக்குள் செல்கள் வரிசையாகப் போனாலும் 'உள்ளது' தான். நரம்பின் சுற்றளவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது புற்றுச்செல்கள் வளைத்திருக்க வேண்டும், அல்லது அதன் மூன்று உறைகளில் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்ற வரையறையை லீபிக் குழு 2009-இல் வைத்தது. அது இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்க்கும், எவ்வளவு மோசம் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. நரம்பின் பருமன், எத்தனை இடம், கட்டியின் விளிம்புக்கு உள்ளேயா வெளியேயா, இதெல்லாம் வேண்டும்.

பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் எங்கள் டியூமர் போர்டில் இரண்டு தரப்பு இருந்தது. ஓரம் சுத்தம், கழுத்து சுத்தம், நரம்பு ஊடுருவல் மட்டும் தனியாக, இதற்காக 6 வாரம் கதிர்வீச்சு கொடுத்து வாழ்நாள் முழுக்க வாய் உலர்ந்த மனிதராக்க வேண்டுமா என்று ஒரு தரப்பு. பாதகமான அம்சம் ஒன்று இருந்தாலும் கதிர்வீச்சை யோசிக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு. நோய்க்குறியியல் மருத்துவரிடமே திரும்பப் போய்ப் பார்ப்போம் என்று ஒருவர் சொன்னார், அந்தக் கூட்டத்தில் உருப்படியான பேச்சு அதுதான். நோய்க்குறியியல் மருத்துவர் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய திசுத் துண்டுகளை எடுத்து இன்னும் ஆழமாக வெட்டி, நரம்பைத் துலக்கிக் காட்டும் எஸ்-100 சாயமும் போட்டுப் பார்த்தார். பத்து நாள் ஆனது.

வந்த பதில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐந்து இடத்தில் ஊடுருவல், அதில் இரண்டு கட்டியின் விளிம்புக்கு வெளியே. ஒரு நரம்பின் பருமன் 1.1 மி.மீ. வாய்ப் புற்றுக்காக 2005-இல் வெளியான பிராண்ட்வைன்-ஜென்ஸ்லர் இடர் மதிப்பீட்டில் பெரிய நரம்பு என்று எடுத்துக்கொள்வது 1 மி.மீ. அளவைத்தான். அந்த நரம்பிலிருந்து பின்பக்க வெட்டு ஓரத்துக்கு 3 மி.மீ. தான் இருந்தது. 6 மி.மீ. என்று முதல் அறிக்கை சொன்னது கட்டியிலிருந்து அளந்த தூரம். நரம்பிலிருந்து அளந்தால், 5 மி.மீ.க்குக் குறைவான, நெருக்கமான ஓரம்.

கதிர்வீச்சு எது வரைக்கும்

கதிர்வீச்சு தேவை என்பதில் பிறகு யாரும் வாதாடவில்லை. கீமோவும் சேர்த்துக் கொடுப்பதா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 2004-இல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதால் தெளிவாகப் பலன் கண்டவர்கள் வெட்டு ஓரத்தில் நோய் இருந்தவர்களும், நிணநீர் முடிச்சின் உறையைத் தாண்டி நோய் பரவியவர்களும்தான். இவருக்கு இரண்டும் இல்லை. இந்த முடிவை இன்றும் மாற்றமாட்டேன்.

மாற்றுவது இதற்கு அடுத்த முடிவை. கட்டி இருந்த இடத்துக்கும் கழுத்துக்கும் 30 தவணையில் 60 கிரே அளவு கதிர்வீச்சு. நாக்கு நரம்பு மேலே ஏறி, காதுக்கு முன்னால் தாடைக்கு உட்பக்கம் உள்ள பள்ளத்தில் கீழ்த்தாடை நரம்போடு சேர்ந்து, நீள்வட்டத் துளை வழியாக மண்டைக்குள் போகிறது. அந்தப் பாதையையும் வயலுக்குள், அதாவது கதிர்வீச்சு படும் பரப்புக்குள், கொண்டுவர வேண்டுமா? வேண்டாம் என்றோம். மெல்லும் தசைகள் இறுகி வாய் திறக்காமல் போகும், மூளையின் பக்க மடலுக்கும் உட்காதுக்கும் அளவு ஏறும், எம்.ஆர்.ஐ.யில் மேல்பாதை சுத்தமாகத்தானே இருக்கிறது என்பவை எங்கள் காரணங்கள். முதல் இரண்டும் சரியான காரணங்கள். மூன்றாவது, கபால அடித்தளத்தைப் பார்ப்பதற்காக எடுக்கப்படாத ஒரு எம்.ஆர்.ஐ.யை நம்பி எழுதியது. மறுபடியும் எடுத்துப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, நுண்ணிய பரவல் படத்தில் தெரியாமலே போவதும் உண்டு. ஆனால் அதை எடுக்காமலேயே எடுத்துவிட்டதுபோல் பேசினோம்.

இதற்குள் ஏழாவது வாரம். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதுதான் நல்லது. மறுஆய்வுக்குப் பத்து நாள், கதிர்வீச்சுக்கு முன் இரண்டு பல் எடுத்த இடம் ஆறுவதற்கு ஒரு வாரம் என்று தள்ளிப்போனது. வாய் முழுக்கப் புண்ணாகி, நாலாவது வாரத்தில் மூக்குக் குழாய் வழியாக உணவு ஏற்றி, ஒரு தவணையும் விடாமல் முடித்தார்.

ஒன்பதாம் மாதம்

அறுவை முடிந்து ஒன்பதாம் மாத வருகையில், மோவாயின் வலது பக்கம் மரத்திருக்கிறது, ஷேவ் பண்ணும்போது வெட்டியதே தெரியவில்லை என்று சொன்னார். பார்த்தவர் எங்கள் குழுவின் இளம் மருத்துவர். வாய்க்குள் புண் இல்லை, கழுத்தில் கட்டி இல்லை. 'கழுத்து அறுவைக்குப் பின் எதிர்பார்க்கக்கூடிய மரத்தல்' என்று எழுதி இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். நான் அன்று பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது.

அந்த வரி ஏன் தவறு என்பதை விளக்கியாக வேண்டும். கழுத்தில் முடிச்சுகளை எடுக்கும்போது காது மடல், கழுத்துத் தோல், தாடைக் கோணம் மரத்துப்போகலாம், அவை கழுத்து நரம்புகளின் இடம். கீழுதட்டின் ஓரம் கோணலாகலாம், அது அசைவு நரம்பு, உணர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாக்கு நரம்பின் கிளையை வெட்டியதால் நாக்கு மரக்கும். இது எதுவுமே மோவாயை மரக்கச் செய்யாது. மோவாய்க்கு உணர்ச்சி தருவது கீழ்ப்பல் வரிசை நரம்பு, அது தாடை எலும்புக்குள் ஓடி முன்னால் வெளியே வருகிறது. எங்கள் கத்தி அதன் பக்கமே போகவில்லை. நாக்கு நரம்பும் இந்த நரம்பும் சேருவது மேலே, அந்தப் பள்ளத்தில். நாக்கில் இருந்த நோயால் மோவாய் மரத்தால், நோய் அந்தச் சந்திப்பு வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஷேவிங் கீறல் எங்களுக்குக் கபாலத்தின் அடிவாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பதினோராம் மாதம்

அடுத்து வந்தபோது வலியோடு வந்தார். தாடைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும், இரவில் அதிகம். வலது நெற்றிப்பொட்டு குழிந்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னபோது தாடை வலது பக்கம் ஒதுங்கியது, மெல்லும் தசைகளை இயக்குவதும் அதே கீழ்த்தாடை நரம்புதான் என்பதால் அந்தப் பக்கத் தசைகள் செத்துக்கொண்டிருந்தன. வாய்க்குள் அப்போதும் ஒரு புண் இல்லை, எல்லாம் பளிச்சென்று ஆறியிருந்தது.

இந்தத் தடவை சரியான முறையில் எம்.ஆர்.ஐ. கேட்டோம், கதிரியக்க மருத்துவரிடம் நேரில் பேசியும் சொன்னோம். வலது கீழ்த்தாடை நரம்பு பருத்து, கான்ட்ராஸ்டில் ஒளிர்ந்து, பள்ளத்திலிருந்து நீள்வட்டத் துளை வரை தெரிந்தது. மண்டைக்குள் இன்னும் போகவில்லை. சி.டி. வழிகாட்டுதலில் ஊசி போட்டு எடுத்த செல்கள் அதே கார்சினோமா. ஒன்பதாம் மாதம் நுண்ணோக்கியில் பார்த்த 'நரம்பு ஊடுருவல்' இப்போது படத்திலேயே தெரியும் 'நரம்பு வழிப் பரவல்' ஆகியிருந்தது என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் ஒன்பதாம் மாதம் நாங்கள் எதையும் பார்க்கவே இல்லை. ஊடுருவலைப் பார்த்தது அறுவை முடிந்த முதல் மாதம்.

இரண்டாம் சிகிச்சையும் பின்பும்

காதுக்கு முன்னால் திறந்து கபால அடித்தளம் வரை போய் நரம்பை எடுப்பது ஒரு வழி. முழுமையாக எடுக்க முடியும் என்று எங்களில் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. முதல் தடவை அந்தப் பாதை கதிர்வீச்சு வயலுக்கு வெளியே இருந்ததால், இப்போது அங்கே முழு அளவு கொடுக்க இடம் இருந்தது, எங்கள் தவறான முடிவு விட்டுவைத்த ஒரே சலுகை அது. வாராவாரம் சிஸ்பிளாட்டினோடு கதிர்வீச்சு என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். இது நோயை வேரோடு எடுக்குமா என்று கேட்டார். வாய்ப்பு குறைவு, வலியையும் நோயின் வேகத்தையும் குறைக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னோம். "முன்னாடியே நான் சொன்னேனே டாக்டர்" என்றார், கோபமாக இல்லை. ஆமாம், சொன்னீர்கள், நாங்கள்தான் பிடித்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னேன். அவர் மனைவி அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

கீமோ ஆறில் ஐந்து தவணை போக முடிந்தது. வலிக்கு, நரம்பு வலி மருந்தான கேபாபென்டினும் மார்ஃபினும். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் நரம்பு மெலிந்திருந்தது, வலி பாதிக்கு மேல் குறைந்து மார்ஃபின் அளவையும் குறைத்தோம். வாய் 18 மி.மீ. தான் திறந்தது. ஆறு மாதம் அமைதியாகப் போனது. அவர் வேலைக்குத் திரும்பினார்.

முதல் அறுவையிலிருந்து 23-ஆம் மாதம், வலது பக்கம் பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று வந்தார். வலது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. நோய் துளையைக் கடந்து, மண்டைக்குள் கண்ணை அசைக்கும் நரம்புகள் ஓடும் குகைக் குழிக்குள் போயிருந்தது. அதற்கு மேல் வலித்தணிப்புச் சிகிச்சைதான் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. 27-ஆம் மாதம் வீட்டிலேயே இறந்தார். கடைசி வரை அவர் வாய்க்குள்ளோ கழுத்திலோ நோய் திரும்பவே இல்லை.

மாற்றிக்கொண்டவை

மரத்தல், எறும்பு ஊர்வது, எரிச்சல், இவை இருந்தால் எம்.ஆர்.ஐ. கோரிக்கையில் முதல் வரியாக அதை எழுதுகிறோம், கபால அடித்தளம் வரை வேண்டும் என்றும். அறுவையில் பெயருள்ள நரம்போ அதன் பெரிய கிளையோ வெட்டுப்பட்டால் உடலுக்குள் நிற்கும் முனை தனிக் குப்பியில் போகிறது. நோய்க்குறியியல் துறை இப்போது 'உள்ளது' என்று மட்டும் எழுதுவதில்லை. எத்தனை இடம், எவ்வளவு பருமன், கட்டிக்கு உள்ளேயா வெளியேயா, வெட்டு ஓரத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு வாங்குகிறோம், முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கதிர்வீச்சு வயல் பற்றி எல்லோருக்கும் ஒரே விதி வைக்கவில்லை. சின்ன நரம்பு, கட்டிக்குள்ளேயே ஒரே இடம் என்றால் கபால அடித்தளம் வரை போவது அதிகம்தான். பெரிய நரம்பு, பல இடம், நெருக்கமான ஓரம் மூன்றும் சேர்ந்தால் புதிய எம்.ஆர்.ஐ. இல்லாமல் 'பாதை சுத்தம்' என்று யாரும் சொல்லக்கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் ஒப்பந்தம். இவருக்கு இதெல்லாம் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், தெரியாது. ஆனால் ஒன்பதாம் மாதத்திலேயே சிகிச்சை தொடங்கியிருக்கும்.

தொடர் வருகைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: நெற்றி, கன்னம், மோவாய் மூன்றிலும் இரண்டு பக்கமும் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார், வாயைத் திறக்கச் சொல்லித் தாடை எந்தப் பக்கம் போகிறது பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வரி வந்த பிறகு இதுவரை மூன்று பேருக்கு மோவாயில் வித்தியாசம் இருப்பதாகத் தெரிந்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒருவருக்கு அழுகிய கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ். மற்ற இரண்டு பேருக்கும் படத்தில் ஒன்றுமே இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறோம்.